தொலைநோக்கியும் எதிர்எடையும்

தொலைநோக்கி என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது அதன் கண்ணாடி வில்லையே. எத்தனை அங்குல வில்லை, எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பனவே மாணவர் வினவும் வினாக்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகிவரும் எனக்கு இவ்வினாக்கள் பழகிப்போனவை. ஆனால், அந்தக் குழாயைத் தாங்கி நிற்பது எது, அது ஏன் அவ்வாறு சாய்ந்து நிற்கிறது, அதன் மறுபக்கத்தில் இரும்புக் குண்டு ஒன்று ஏன் தொங்குகிறது என்று கேட்ட மாணவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். வான நூலின் வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் வில்லையையும் ஆடியையும் போற்றிவிட்டுத் தாங்கியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். விண்மீன்களை ஒளிப்படமாகப் பிடித்த கதையை ஆராய்ந்து பார்ப்போமாயின், அது பாதிக்கு மேல் அந்தத் தாங்கியின் கதையும் அந்த இரும்புக் குண்டின் கதையுமே என்பது புலனாகும்.

காரணம் எளியது. நாம் நிற்கும் நிலம் சுழல்கிறது. விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. ஆகவே, வானம் ஒரு மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கே நகர்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. முழு நிலவின் அகலம் அரைப் பாகை. இரண்டே நிமிடத்தில் நிலவு தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். கண்ணால் காண்போனுக்கு இது பெருந்தொல்லையன்று. குழாயைச் சற்றே தள்ளிவிட்டு மீண்டும் பார்த்துக்கொள்வான். ஒளிப்படத் தகட்டின் இயல்போ வேறு. கண் அந்தக் கணத்து ஒளியை மட்டுமே காணும்; தகடு மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். அந்தச் சேமிப்புக்கு ஒரே நிபந்தனை, ஒரு விண்மீனின் ஒளி தகட்டில் விழுந்த புள்ளியிலேயே இறுதிவரை விழுந்துகொண்டிருத்தல் வேண்டும். தவறினால் புள்ளி கோடாகிவிடும்.

இதற்குரிய வழியை முன்னோர் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தனர். கதிரவனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்த கிறிஸ்டோப் ஷைனர் என்னும் ஜெர்மானியத் துறவி, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த ஓர் அச்சின்மீது தம் தொலைநோக்கியை அமைத்தார். துருவத்தை நோக்கிய அந்த அச்சைப் பூமி சுழலும் வேகத்திலேயே எதிர்த்திசையில் திருப்பினால் போதும். குறிவைத்த பொருள் பார்வையை விட்டு அகலாது. ஆனால், பெருங்கருவிகள் இந்த வழியில் செல்லவில்லை. 1789இல் வில்லியம் ஹெர்ஷல் நிறுவிய நாற்பதடித் தொலைநோக்கி மரச்சாரங்களுக்கிடையே கயிற்றால் ஏற்றி இறக்கப்பட்டது. 1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு அமைத்த 72 அங்குல ஆடி இரு பெருஞ்சுவர்களுக்கு நடுவே தொங்கியது. அதன் உதவியால் அவர் ஒரு வான்முகிலின் சுருள் வடிவைக் கண்டறிந்தார் என்பது உண்மை. எனினும், கண்டதைக் கையால் வரைந்தே காட்ட வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியாக விளங்கிய அக்கருவி ஒளிப்படத் துறையில் தடம் பதிக்கவில்லை.

மாற்றத்தைக் கொணர்ந்தவர் யோசப் ஃபிரவுன்ஹோஃபர். 1787இல் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மியூனிக் நகரில் ஒரு கண்ணாடித் தொழிலாளியிடம் வேலை பழக விடப்பட்ட சிறுவர் அவர். 1801இல் அந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிறுவனை நாட்டின் ஆட்சியாளரே நேரில் கண்டு பொருளுதவி செய்தார். அந்த உதவியால் கற்றுத் தேறிய ஃபிரவுன்ஹோஃபர், கதிரவன் ஒளியிலுள்ள கருங்கோடுகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். அப்புகழை நாம் பாடநூல்களில் படிக்கிறோம். 1824இல் டோர்பாட் நகர் வானாய்வு நிலையத்துக்கு அவர் செய்தனுப்பிய தொலைநோக்கியைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. டோர்பாட் அன்று உருசியப் பேரரசில் இருந்தது. இன்று எஸ்தோனியா நாட்டின் தார்ட்டு நகரம்.

வில்லையின் விட்டம் 24 சென்டிமீட்டர். குழாயின் நீளம் 4 மீட்டருக்கு மேல். அன்றைய உலகில் அத்தகைய வில்லைத் தொலைநோக்கி வேறு இல்லை. அதன் உண்மைப் புதுமை வில்லையில் அன்று, தாங்கியில்தான் இருந்தது. துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சின் உச்சியில் குறுக்காக இன்னோர் அச்சு. அந்தக் குறுக்கச்சின் ஒரு முனையில் தொலைநோக்கி. மறுமுனையில் அதற்கு ஈடான எதிர்எடை. குழாய் தன் பாரத்தால் வளைந்துவிடாதபடி அதன் இருமருங்கிலும் நெடிய தண்டுகளில் பொருத்தப்பட்ட எடைகள் வேறு. கீழிறங்கும் எடையொன்றால் இயங்கிய கடிகாரப் பொறி துருவ அச்சைச் சீராகத் திருப்பியது. அவ்வளவு பெரிய கருவியை ஒருவர் விரலால் தள்ளித் திருப்ப முடிந்தது. அங்கிருந்த வில்ஹெல்ம் ஸ்துரூவ அதைக்கொண்டு ஏறத்தாழ 1,20,000 விண்மீன்களை ஆராய்ந்து, 3112 இரட்டை மீன்களின் பட்டியலை 1827இல் வெளியிட்டார். ஃபிரவுன்ஹோஃபர் அதைக் காணவில்லை. 1826இல், நாற்பது வயதை எட்டுமுன்பே அவர் மறைந்துவிட்டார். அவருடைய பட்டறையில் உருவான இதன் இரட்டைக் கருவி பெர்லினில் நிறுவப்பட்டது. 1846இல் நெப்டியூன் கோளைக் கண்டறிந்தது அக்கருவியே.

எதிர்எடை என்னும் இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் கிணற்று மேட்டில் இறைத்த ஏற்றத்தின் அடிமுனையில் கல்லைக் கட்டியது எதற்காக? நீர் நிறைந்த சாலின் பாரத்தைக் கல் ஏற்றுக்கொண்டால், இறைப்பவன் தன் வலிமையைப் பாரம் தூக்குவதில் செலவிட வேண்டியதில்லை. வெள்ளிக்கோலில் எடை போட்ட வணிகனும் இதே கணக்கைத்தான் போட்டான். எடையையும், அது தாங்குமிடத்திலிருந்து விலகியிருக்கும் தொலைவையும் பெருக்கினால் வரும் தொகை இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். 6 கிலோ எடையுள்ள குழாய் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்குமாயின், 4 கிலோ எதிர்எடை 30 சென்டிமீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும். தொலைநோக்கிக்கு இவ்வாறு இரு சமநிலைகள் தேவை. துருவ அச்சில் எதிர்எடையை நகர்த்திக் காண்பது ஒன்று. குறுக்கச்சில் குழாயையே முன்னும் பின்னும் நகர்த்திக் காண்பது மற்றொன்று. இரண்டும் அமைந்துவிட்டால், பூட்டைத் தளர்த்தி எந்தத் திசையில் விட்டாலும் குழாய் விட்ட இடத்திலேயே நிற்கும். கடிகாரப் பொறிக்கு எஞ்சுவது உராய்வை வெல்லும் சிறு வேலை மட்டுமே. இன்றும் படம் எடுப்போர் இதையே செய்கின்றனர். ஒளிப்படக் கருவியையும் பிற உறுப்புகளையும் முன்னரே பொருத்திவிட்டுத்தான் சமன் பார்க்க வேண்டும் என்பது அவர்தம் முதற்பாடம். முற்றும் சமனாக்காமல் கிழக்குப்பக்கம் அணுவளவு பாரம் கூடுதலாக விடுவோரும் உளர். அப்போதுதான் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, இடையில் தளர்ந்து ஆடாமல் சுழலும்.

ஒளிப்படக்கலை பிறந்ததும் அதை வானுக்குத் திருப்பினர். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் ஏறத்தாழ 20 நிமிடம் ஒளிபடச் செய்து நிலவைப் படம் பிடித்தார். 1850 ஜூலையில் ஹார்வர்டின் 15 அங்குலத் தொலைநோக்கி வழியாக வில்லியம் பாண்டும் ஜான் விப்பிளும் வேகா விண்மீனை 100 வினாடியில் பதிவு செய்தனர். நம்மவர் அபிஜித் என்று கூறும் மீன் அது. கதிரவன் அல்லாத ஒரு விண்மீனின் முதற்படம் அதுவே. ஆனால், அங்கிருந்த கடிகாரப் பொறி சீராக ஓடவில்லை. தகடுகளின் மந்தமும் பொறியின் தடுமாற்றமும் சேர்ந்து அந்த முயற்சியை நிறுத்தின. இங்கிலாந்தில் வாரன் டி லா ரூ நிலவைப் படம் எடுக்கத் தொடங்கியபோது அவரிடம் கடிகாரப் பொறியே இல்லை. கையாலேயே கருவியைத் திருப்பினார். அது இயலாத செயல் என்று கண்டு கைவிட்டு, 1857இல் பொறியைப் பொருத்திய பிறகே மீண்டும் தொடங்கினார். அதே 1857இல், செப்பனிட்ட பொறியோடு ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் எடுத்த படம் எது தெரியுமா? மைசர், அல்கோர் என்னும் இணை. திருமண இரவில் நம் மணமக்களுக்குச் சுட்டிக்காட்டும் வசிட்டனும் அருந்ததியுமே அவை.

இந்த முன்னேற்றம் அனைத்துக்கும் தகடுகளே காரணம் என்று கூறுவோரும் உண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஈரத் தகடு சில நிமிடங்களில் உலர்ந்துவிடும், உலர்ந்தால் பயனற்றது. 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் வழிகாட்டிய உலர்தகடு வந்த பிறகுதான் நெடுநேரம் ஒளிபடச் செய்வது கைகூடியது. ஆனால், தகடு பொறுமை பெற்ற அன்றே தாங்கியின் குறைகள் அனைத்தும் வெளிப்பட்டன. நூறு வினாடிக்குத் தாங்கிய பொறி, ஒரு மணி நேரத்துக்குத் தாங்கவில்லை. எனவே, உலர்தகடு கடினமான புதிய தேர்வொன்றை முன்வைத்தது என்பதே பொருந்தும். அத்தேர்வை எழுதியவர்கள் தாங்கியைச் செய்தவர்களே.

முதலில் தேறியவர் டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30ஆம் நாள் ஓரியன் வான்முகிலை 51 நிமிடம் படம் பிடித்தார். 1882 மார்ச்சில் அதை 137 நிமிடமாக உயர்த்தினார். அவ்வாண்டு முடியுமுன் இறந்தார். அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன். இவர் பல்கலைக்கழகத்தார் அல்லர், துப்புரவுப் பொறியாளர். கழிவுநீர்க் குழாய்களோடு பழகிய கைகள் 36 அங்குல ஆடிக்கு ஒரு தாங்கி அமைத்தன. பாரமான துருவ அச்சை உள்ளீடற்ற உருளையாகச் செய்து, பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார். பாரத்தின் பெரும்பகுதியைப் பாதரசம் சுமந்தது, உராய்வு குறைந்தது. 1883 ஜனவரி 30ஆம் நாள் அவர் எடுத்த ஓரியன் படத்தில், அதுவரை கண்ணால் எவரும் காணாத மங்கல் மீன்களும் பதிவாகியிருந்தன. மறு ஆண்டே அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

லிவர்பூலில் கட்டட ஒப்பந்தக்காரராய் இருந்த ஐசக் ராபர்ட்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். எதிர்எடை என்று வெறும் இரும்பை ஏன் தொங்கவிட வேண்டும் என்று எண்ணினார் போலும்! குறுக்கச்சின் ஒரு முனையில் படம் எடுக்கும் 20 அங்குல ஆடித் தொலைநோக்கி. மறுமுனையில் அதற்கு எதிர்நிறையாக 7 அங்குல வில்லைத் தொலைநோக்கி. ஒன்றின் பாரத்தை மற்றொன்று சுமந்தது. இந்தக் கருவியால் 1888இல் அவர் எடுத்த ஆந்திரமேதா வான்முகிலின் படமே அதன் சுருள் வடிவை உலகுக்குக் காட்டியது. புதியதொரு கதிரவக் குடும்பம் உருவாவதைத் தாம் படம்பிடித்ததாக அவர் கருதினார். அந்த முடிவு பிழை. அது நம் பால்வழியைப் போன்ற இன்னொரு பெரும் விண்மீன் மண்டலம் என்பதை 1923இல் எட்வின் ஹபிள் எடுத்த தகடுகள் காட்டின. படம் பொய் சொல்லவில்லை. படித்தவர் தவறாகப் படித்தார்.

காமனின் 36 அங்குலக் கருவிக்கும் ஒரு பின்கதை உண்டு. அவர் அதை எட்வர்ட் கிராஸ்லி என்பாருக்கு விற்றார். கிராஸ்லி 1895இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்துக்கு நன்கொடையாக அளித்தார். இங்கிலாந்தில் 50 பாகைக்கு மேற்பட்ட வட அகலாங்குக்கென அமைத்த தாங்கி, 37 பாகையில் நிற்க வேண்டியதாயிற்று. துருவ அச்சின் சாய்வு ஊருக்கு ஊர் மாறும் அன்றோ! பலர் தொட அஞ்சிய அக்கருவியை 1898இல் ஜேம்ஸ் கீலர் ஏற்று, அடித்தூணை வெட்டிக் குறைத்து, உறுப்புகளைச் செப்பனிட்டு, நான்கு மணி நேரம்வரை கண்ணை எடுக்காமல் திருத்தித் திருத்திப் படம் எடுத்தார். அக்கருவியின் எல்லைக்குள் 1,20,000 வான்முகில்கள் இருக்கும் என்று மதிப்பிட்டார். 1900இல் தம் 42ஆம் வயதில் இறந்தார். இத்துறையில் இளமையிலேயே மறைந்தோர் பலர் என்பதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857இல் பிறந்தார். பிறக்குமுன்பே தந்தை இறந்துவிட்டார். பள்ளியில் பயின்றது இரண்டு மாதம் அளவே. ஒன்பது வயது நிரம்புமுன் ஓர் ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கக் கதிரவன் ஒளியையே பயன்படுத்தினர். அதற்கெனக் கூரைமேல் நின்ற பெரிய கருவிக்கு ஜூபிடர் என்று பெயர். கதிரவன் நகர நகர, அதன் சக்கரங்களைக் கையால் திருப்பிக் கருவி எப்போதும் கதிரவனையே நோக்குமாறு செய்வதுதான் சிறுவனின் வேலை. வேறு சிறுவர் வெயிலிலும் சலிப்பிலும் உறங்கிவிடுவராம், இவர் உறங்கவில்லை. கடிகாரப் பொறி செய்ய வேண்டிய வேலையை ஓர் ஏழைச் சிறுவன் நாள்தோறும் செய்திருக்கிறான்! பின்னாளில் லிக் நிலையத்தில் அவர் ஜூபிடர் கோளின் ஐந்தாம் நிலவை 1892இல் கண்டறிந்தது வியக்கத்தக்க ஒற்றுமை.

பால்வழியைப் படம் எடுக்க வந்த பார்னார்டுக்குத் தாங்கியின் ஒரு குறை பெரும் இடையூறாயிற்று. ஃபிரவுன்ஹோஃபர் வகுத்த அமைப்பில், விண்மீன் உச்சியைக் கடந்து மேற்கே சாயும்போது குழாய் தூணில் மோதிவிடும். அதனால் படத்தை இடையில் நிறுத்தி, குழாயை மறுபுறம் புரட்ட வேண்டும். பல மணி நேரம் ஒளிபட வேண்டிய தகட்டுக்கு அது ஒவ்வாது. ஆகவே, அவருக்கென அமைத்த புரூஸ் தொலைநோக்கியின் தூணையே வளைத்துச் செய்தனர். கிழக்கில் தொடங்கிய படத்தை உச்சியைத் தாண்டி மேற்கு வரை தடையின்றித் தொடரலாம். 1905இல் அக்கருவி மவுண்ட் வில்சன் மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு எடுக்கப்பட்ட படங்கள் பிற்காலத்தில் பால்வழிப் படத்தொகுப்பாயின. தொகுப்பு 1927இல் வெளிவந்தது. பார்னார்ட் 1923இலேயே காலமாகிவிட்டார்.

அதன்பின் கருவிகள் மலையளவு வளர்ந்தன. 1917இல் மவுண்ட் வில்சனில் இயங்கத் தொடங்கிய 100 அங்குலத் தொலைநோக்கியில் நகரும் பகுதி மட்டும் ஏறத்தாழ 100 டன். காமன் கண்ட வழியே அங்கும் கைகொடுத்தது. அச்சின் இருமுனை உருளைகளும் பாதரசத்தில் மிதந்தன. ஆயினும், செவ்வகச் சட்டத்துக்குள் தொங்கிய அத்தொலைநோக்கி வடதுருவத்தை எட்டிப் பார்க்க முடியவில்லை. சட்டத்தின் வடமுனை மறைத்தது. 1948இல் திறக்கப்பட்ட பாலோமார் 200 அங்குலத் தொலைநோக்கியில் அந்த முனையைக் குதிரை லாட வடிவில் திறந்துவிட்டனர். லாடத்தின் விட்டம் 46 அடி. 530 டன் பாரம் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. அதைத் திருப்பக் குதிரைத்திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொண்ட மின்பொறி போதுமாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். துருவ அச்சின் சாய்வு அகலாங்குக்குச் சமம் என்றோம். கோலாலம்பூருக்கு அது 3 பாகை, சிங்கப்பூருக்கு ஒன்றேகால். ஆதலால், இங்கே துருவ அச்சு ஏறத்தாழத் தரையோடு படுத்துவிடுகிறது. ஐரோப்பியரை எண்ணிச் செய்த தாங்கிகள் இவ்வளவு தாழ்வதில்லை. தாழ்த்தினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறது. வழிகாட்ட வேண்டிய துருவ மீனோ அடிவான மூட்டத்தில் மறைந்து கிடக்கிறது. இவற்றையெல்லாம் நான் நூலில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில், நான் இளம் ஆசிரியனாய் இருந்த தோட்டப்புறப் பள்ளி ஒன்றில், பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 4 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினோம். ஓரியன் வான்முகிலைப் படம் எடுக்க ஓர் இரவு திடலில் கூடினோம். மரத்துண்டை அடியில் கொடுத்துத் தாங்கியைச் சாய்த்துச் சமன் பார்த்து முடித்தேன். பிறகு, படச்சுருள் மாற்றுவதற்காக, பூட்டு தளர்ந்திருப்பதை மறந்து, பின்முனையிலிருந்த ஒளிப்படக் கருவியைக் கழற்றினேன். பின்பாரம் போன கணத்தில் குழாயின் முன்முனை கீழே பாய்ந்தது. எதிரில் நின்ற ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வில்லை உடைந்துவிடுமே என்று கையை நீட்டித் தடுத்தான். வில்லை தப்பியது, அவன் விரல் முக்காலிக்கும் குழாய்க்கும் இடையில் நசுங்கியது. மருத்துவமனையில் அவன் தந்தையின் முன் நான் தலைகுனிந்து நின்றேன். பால்மரம் வெட்டும் அந்த மனிதர், "பிள்ளைக்குக் கை ஆறிவிடும் ஐயா, சாமான் உடையவில்லையே?" என்று கேட்டார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. சமநிலை பற்றி அதன்பின் எந்த வகுப்பில் பேசினாலும், பூட்டை இறுக்கியபின்தான் எதையும் கழற்ற வேண்டும் என்பதையே முதலில் கூறுகிறேன்.

தாழ்ந்த அகலாங்குக்கு ஏற்ற பெரும் தாங்கி எப்படி இருக்கும் என்பதைக் காணத் தமிழகத்துச் சவ்வாது மலைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள காவலூர் 12 பாகை 34 கலை வட அகலாங்கில் உள்ளது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை அங்கு நிறுவக் கனவு கண்டவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தகடொன்றில் வால்மீனைக் கண்டறிந்தவர். பாலோமார் 200 அங்குலக் கருவியில் பணியாற்றியவர். காவலூர்த் தொலைநோக்கி தாழச் சாய்ந்த அச்சின் இருமுனைகளிலும் தாங்கப்பெற்று, வடமுனையில் லாடம்போல் திறந்திருக்கும். துருவத்துப் பகுதியும் அதன் பார்வைக்குத் தப்பாது. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அன்று உயிரோடு இல்லை. 1982 ஆகஸ்டில், ஃபிரவுன்ஹோஃபர் வாழ்ந்த அதே மியூனிக் நகரில் மருத்துவம் பெறச் சென்றவர் அங்கேயே காலமானார்.

காவலூர்க் கருவி திறக்கப்படுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1975இல் சோவியத் நாட்டார் காக்கசு மலையில் 6 மீட்டர் தொலைநோக்கியைத் துருவ அச்சே இல்லாமல் அமைத்துவிட்டனர். பீரங்கியைப் போல் கிடையாகவும் மேலாகவும் திரும்பும் தாங்கி அது. இரு அச்சுகளின் வேகத்தையும் கணிப்பொறி கணித்துச் செலுத்துகிறது. படம் சுழன்றுவிடாமல் தகட்டையும் திருப்புகிறது. பின்னர் வந்த பெருங்கருவிகளில் பெரும்பாலானவை அவ்வழியையே பின்பற்றின. துருவ அச்சும் இரும்புக் குண்டும் இன்று சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன. டோர்பாட் தொலைநோக்கியோ இருநூறு ஆண்டு கடந்தும் தார்ட்டு நகரின் பழைய வானாய்வு நிலையத்தில், தன் எதிர்எடைகளோடு, அருங்காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருக்கிறது.